இருக்கைக்கு அடியில் வைக்கும் பை

பிப்ரவரி 12, புதன்

குமுதாவுக்கு விசா வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. 'நிராகரிப்பு' என்ற சொல்லை இந்த நாட்குறிப்பில் நான் எழுதப்போவதில்லை. கூட்டுறவுத் துறையில் துணைப்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். எனக்கு நிராகரித்துத்தான் பழக்கம். விண்ணப்பத்தில் எவ்வளவு காலம் தங்குவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். குமுதா 'மூன்று மாதம்' என்று எழுதினாள். நான் 'தேவை தீரும் வரை' என்று எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். உண்மைக்கு ஆஸ்திரேலியாவில் இவ்வளவுதான் மதிப்பு போலிருக்கிறது.

ஆக, மெல்போர்னில் இருக்கும் எங்கள் ஒரே மகள் யாழினியின் பிரசவத்துக்கு என் மனைவி மட்டும் போகிறாள். முதல் மூன்று மாதம் பெண்ணைப் பெற்றவள், அடுத்த மூன்று மாதம் மாப்பிள்ளையின் அம்மா என்று சம்பந்திகளுக்குள் முறை வைத்தாகிவிட்டது. மார்ச் 13, வியாழக்கிழமை விமானம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கே மாறி மெல்போர்ன். நீங்கள் போகவில்லையா என்று கேட்பவர்களிடம், எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டி வேலையை விட்டுவிட்டு நகர முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அது பொய் அல்ல. தொட்டி ஒழுகத்தான் செய்கிறது.

எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மாப்பிள்ளை டிக்கெட்டை அனுப்பினார். குறைந்த கட்டண விமானம். டிக்கெட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் விதிகள். மற்றவர்களாக இருந்தால் நேரத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். பெரிய பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். சின்னப் பெட்டி தலைக்கு மேல். இவை போக, முன்னால் இருக்கும் இருக்கைக்கு அடியில் வைக்கிற மாதிரி ஒரு பை கொண்டுபோகலாம். அதற்கு நீளம், அகலம், தடிமன் எல்லாம் சென்டிமீட்டரில் கொடுத்திருக்கிறார்கள். மீறினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம்.

"என் கைப்பையே போதுங்க" என்றாள் குமுதா.

"கைப்பை ஒரு தோளில் தொங்கும். கோலாலம்பூரில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடக்க வேண்டும். முதுகில் மாட்டுகிற பைதான் சரி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"சரி, பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் சுக்கு இடிக்கப் போய்விட்டாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து தயாராகிறது. அதை அந்த ஊர் சுங்கத்தில் விடுவார்களா என்று அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்கிறாளாம்.

நான் ஒரு கோப்பு திறந்தேன். பொருள்: இருக்கைக்கு அடியில் வைக்கும் பை கொள்முதல் செய்தல் - தொடர்பாக.

பிப்ரவரி 17, திங்கள்

விதிப்படி மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற வேண்டும். பெரியகடை வீதியில் முதல் கடை. கடைக்காரர் வரவேற்றார்.

"வாங்க சார். பேரப்பிள்ளைக்கா? ஸ்கூல் பேக் எல்லாம் மேல இருக்கு."

"என் மனைவிக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நான்கைந்து பைகளை எடுத்துப் போட்டார். நான் குமுதாவின் தையல் டேப்பை எடுத்து அளக்கத் தொடங்கினேன். காலியாக இருக்கும்போது ஓர் அளவு, உப்பும்போது ஓர் அளவு. உப்பவைக்கக் கடையில் இருந்த செய்தித்தாள்களைத் திணித்துப் பார்த்தேன். ஜிப்பை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"சார், பை வாங்க வந்தீங்களா, பைக்கு ஜாக்கெட் தைக்க வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கடையை ஒப்பீட்டுப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

பட்டியலைக் குமுதாவிடம் சமர்ப்பித்தேன். முதல் பைக்கு அளவு சரி, ஆனால் ஒரே ஜிப். அது போனால் எல்லாம் போச்சு. இரண்டாவதில் பதினோரு அறைகள். மூன்றாவது நல்ல பை, ஆனால் நிறம் ரோஜா.

"ஏதாச்சும் ஒண்ண வாங்குங்களேன்."

"ஏதாச்சும் என்று ஒரு பை கிடையாது, குமுதா."

"அப்ப ரோஸ் கலரையே வாங்குங்க."

"அந்த வயதா உனக்கு?"

அவள் வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக நறுக்கினாள்.

பிப்ரவரி 22, சனி

நேற்று பதினோரு அறைப் பையை வாங்கினேன். காலையில் சோதனை ஓட்டமாக அவளுடைய மூக்குக்கண்ணாடி, மாத்திரை, சீப்பு, விபூதிப் பொட்டலம், ஜெபமாலை (எதிர் வீட்டு சகாயராணி டீச்சர் பிரயாணத்துக்கென்று கொடுத்தது) எல்லாவற்றையும் தனித்தனி அறையில் வைத்துக் காட்டினேன். மாலை வரை மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. இருவரும் சேர்ந்து பையைத் தலைகீழாக உதறினோம். சீப்புதான் விழுந்தது. கண்ணாடி இல்லாமல் அவள் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டாள். இரவு உணவுக்கு முன் பையின் பக்கவாட்டில், தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்துக்குக் கீழே, பன்னிரண்டாவதாக ஓர் அறை இருப்பது தெரியவந்தது.

நாளை பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

குமுதா எனக்கு மிக்ஸி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கொள்கை அளவில் நான் இதை ஏற்கவில்லை. மூன்று மாதம்தானே, வெளியில் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் அவள் மூடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், பிடித்தேன். தேங்காய்ச் சட்னி கூரை வரை போயிற்று. மூடியைப் பிடிக்கச் சொன்னவள் எப்போது விட வேண்டும் என்று சொல்லவில்லை. அறிவுறுத்தலில் குறை.

பிப்ரவரி 26, புதன்

வரவேற்பறையில் விமானம் அமைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் குமுதா. முன்னால் உட்கார ஆள் வேண்டுமே என்று சகாயராணி டீச்சரைக் கூப்பிட்டேன். பக்கத்துப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார்கள். வாக்கியத்தை முடிக்கும் முன் கேட்பவரைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதற்குப் பதிலாக வாங்கிவந்த சாம்பல் நிறப் பையை முன் நாற்காலியின் கால்களுக்கு இடையில் தள்ளினேன். பாதிதான் போயிற்று.

"சார், ஏரோப்ளேன் சீட்டுக்கு நாலு கால் இருக்குமா?" என்றார்கள் டீச்சர்.

"அதெல்லாம் அவரு யோசிக்காமயா வெச்சிருப்பாரு" என்றாள் குமுதா, எங்கோ பார்த்தபடி.

டீச்சரைப் பின்னால் சாயச் சொன்னேன். முன் இருக்கைக்காரர் சாய்ந்தால் கால் வைக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பார்க்க வேண்டுமல்லவா. பிளாஸ்டிக் நாற்காலி சாய்கிற நாற்காலி இல்லை என்பது அவர்கள் விழுந்த பிறகு தெரிந்தது. அடி ஒன்றும் இல்லை. சாம்பல் பை நிராகரிக்கப்பட்டது. (இந்த இடத்தில் அந்தச் சொல் பொருந்தும்.)

மார்ச் 1, சனி

நானே ரசம் வைத்தேன். சாப்பிட்டோம். குமுதா தண்ணீர் நிறையக் குடித்தாள்.

மார்ச் 3, திங்கள்

யாழினி வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கால் அதைவிட வீங்கியிருக்கிறதாம். கேமராவைக் கீழே திருப்பிக் காட்டினாள். நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"அப்பா, பிரஷர் கொஞ்சம் ஏறுதாம். டேட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆனாலும் ஆயிடும்ங்கிறாங்க. அம்மா பதிமூணாம் தேதி கண்டிப்பா கெளம்பிடுவாங்கல்ல?"

"பை மட்டும் முடிவாகவில்லை அம்மா."

"என்ன பை?"

"இருக்கைக்கு அடியில் வைக்கிற பை."

அவள் கேமராவை முகத்துக்குத் திருப்பினாள். பிறகு, "அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா. அம்மாவ மட்டும் அனுப்பிடுங்க. பை இல்லாட்டியும் பரவால்ல" என்றாள்.

போனை வைத்ததும் குமுதா சமையலறையிலிருந்தே பேசினாள். என்னிடம்தான் பேசினாள், ஆனால் குக்கரைப் பார்த்து.

"நம்ம மலைக்கோட்டையில, காவேரியில வெள்ளம், தாயால வர முடியலன்னு சாமியே தாய் வேஷம் போட்டுப் போயி பிரசவம் பாத்துச்சு. அந்தப் பேர வெச்சுக்கிட்டு ஒருத்தரு, தாய் கெளம்பறதுக்கு டேப்ப வெச்சு அளந்துக்கிட்டு இருக்காரு."

என் பெயர் தாயுமானவன். பெயருக்கு நான் பொறுப்பல்ல, என் அப்பா வைத்தது.

மார்ச் 5, புதன்

பை முடிவானது. அடர்நீலம். மூன்றே அறைகள். முதுகோடு ஒட்டுகிற பக்கத்தில் ரகசிய அறை ஒன்று. மாட்டிக்கொண்டால் எந்தத் திருடனாலும் திறக்க முடியாது. அளவு மில்லிமீட்டர் பிசகவில்லை. குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு அதனடியில் கால் மணி நேரம் வைத்தேன். உள்ளே வைத்த செய்தித்தாள் நனையவில்லை. நான் நனைந்தேன்.

"நல்லா இருக்குங்க" என்றாள் குமுதா. மாட்டிக்காட்டினாள். கண்ணாடி முன் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். புடவையில் முதுகுப் பையோடு, காலேஜுக்குக் கிளம்புகிறவள் மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. பை நன்றாக இருந்தது. அவள் கிளம்புகிற மாதிரி இருந்ததுதான் பிடிக்கவில்லை.

இனி பை விஷயத்தில் எதுவும் நிலுவை இல்லை. கோப்பை மூட வேண்டியதுதான். மூடவில்லை. நாளை பார்க்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

நல்லவேளை, பஞ்சாங்கத்தை எடுத்தேன். வியாழக்கிழமை தெற்கே சூலம். ஆஸ்திரேலியா எங்கே இருக்கிறது? தெற்கே. இதை யாருமே கவனிக்கவில்லை.

"அதுக்கு என்னங்க, கொஞ்சம் தைலத்தத் தொட்டுக்கிட்டுக் கெளம்புறேன். எல்லாரும் அதான செய்றாங்க."

"இது சமயபுரம் போகிற பயணம் இல்லை, குமுதா. கடல் கடந்து போகிறாய்."

விமானத் தேதியை மாற்றச் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆகவே பரஸ்தானம் வைப்பது என்று முடிவு. அதாவது, புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் வரும் ஒரு நல்ல நாளில் பயணப் பையை மட்டும் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. போகிற அன்று அங்கேயிருந்து பையை எடுத்துக்கொண்டு அப்படியே போகலாம். நடுவில் பை நம் வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது. வந்தால் பயணம் முறிந்துவிடும்.

திங்கட்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. எங்கள் வாசலுக்குத் தெற்கே இருப்பது டீச்சர் வீடு.

மார்ச் 8, சனி

லிஃப்டில் டீச்சரைப் பார்த்தேன். பரஸ்தானம் பற்றிச் சொன்னதும், "அதுக்கென்ன சார், மாதா படத்துக்குக் கீழயே வெச்சுக்குறேன்" என்றார்கள். தவக்காலம் என்பதால் புதன்கிழமை காலையில் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகிறார்களாம். சனிக்கிழமைதான் திரும்புவார்களாம்.

நல்ல குடும்பம்.

மார்ச் 9, ஞாயிறு

பையில் பொருள் வைத்தோம். ஒரு மாற்றுப் புடவை, சால்வை, மாத்திரைகள், பிள்ளைக்கு வசம்பு, சின்ன டப்பாவில் மருந்து. கடைசியாக அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து ரகசிய அறையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"பாஸ்போர்ட்டையுமா?"

"பரஸ்தானப் பையில் பயணத்துக்கு முக்கியமான பொருள் இருக்க வேண்டும்."

"யாரு சொன்னா?"

"பொதுவான விதி."

குமுதா என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. நான் ஜிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "சரிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மார்ச் 10, திங்கள்

ராகு காலத்துக்கு முன், ஏழரைக்குள், பையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். மொத்தம் ஐந்தாறு அடி தூரம். குமுதா வாசலில் நின்று தேங்காய் உடைத்தாள். மாடிப்படி ஏறிவந்த பால்காரர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். டீச்சர் பையை வாங்கி மாதா படத்துக்குக் கீழே வைத்தார்கள்.

"பத்திரமா இருக்கும் சார்."

"தெரியும் டீச்சர்."

மனசு லேசாக இருந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

கொத்தமல்லி வாங்கப் போன குமுதா வெகுநேரம் கழித்து, கொத்தமல்லி இல்லாமல் வந்தாள்.

"தீந்துபோச்சாம்."

காந்தி மார்க்கெட் இருக்கிற ஊரில் கொத்தமல்லி தீர்ந்துவிட்டதாம். பெரிய பெட்டியைக் கட்டுகிற பதற்றத்தில் இருக்கிறாள், பாவம். மத்தியானம் டீச்சர் வீட்டில் அவள் குரல் கேட்டது. இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொள்ளப் போயிருப்பாள்.

மார்ச் 12, புதன்

டீச்சர் குடும்பம் காலையில் வேளாங்கண்ணி புறப்பட்டது. பால்கனியிலிருந்து கையசைத்தேன். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்கள்.

பையை நாளைக் காலைதான் எடுக்க வேண்டும். முறை அப்படி.

மார்ச் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு டாக்ஸி வந்துவிட்டது. பெட்டிகள் ஏறின. "பையை எடுத்துவந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் டீச்சர் வீட்டு மணியை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, நான் எதிர்பார்த்ததைவிடச் சற்று உரக்க, "அடடா!" என்றேன்.

"குமுதா! டீச்சர் ஊரில் இல்லை! பாஸ்போர்ட் உள்ளே மாட்டிக்கொண்டதே! சனிக்கிழமை வரை ஒன்றும் செய்ய முடியாது போலிருக்கிறதே! மாப்பிள்ளைக்குப் போன் போட்டு டிக்கெட்டை..."

திரும்பினேன். குமுதா எங்கள் வாசலில் நின்றிருந்தாள். முதுகில் ஒரு பை. ரோஜா நிறம். முதல் கடையில் நான் மூன்றாவது இடத்தில் போட்ட அதே பை.

"கொத்தமல்லி வாங்கப் போனப்ப வாங்கினேன்" என்றாள். கையில் பாஸ்போர்ட். "கெளம்பலாங்களா? டாக்ஸிக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு."

டாக்ஸியில் டோல்கேட் தாண்டி விமான நிலையம் வரை டிரைவர்தான் வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பயணிகளைத் தவிர மற்றவர்கள் உள்ளே போக முடியாது. வெளியே கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். பெட்டிகளை எடை போட்டார்கள். ரோஜா நிறப் பையை யாரும் அளக்கவில்லை. அங்கிருந்த பெண் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமுதாவுக்கு முன்னால் ஒருவர் அரை மூட்டை அரிசி கொள்ளும் பையை முதுகில் போட்டுக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனார்.

இமிகிரேஷனுக்குப் போகும் முன், வரிசையை விட்டுவிட்டு அவள் வாசல் வரை திரும்பி வந்தாள். காவலர் ஒரு நிமிடம் என்று கை காட்டினார்.

"டீச்சர் புதன்கெழம ஊருக்குப் போறது எனக்கும் தெரியுங்க. உங்ககிட்ட சொன்ன அன்னிக்கே என்கிட்டயும் சொன்னாங்க."

நான் காவலரின் பூட்ஸைப் பார்த்தேன்.

"பாஸ்போர்ட்டு நீங்க வெச்ச அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. செவ்வாக்கெழமயே போயி எடுத்துட்டேன். ஏங்க, 'போகாத'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாயா?"

"போயிருப்பேன்." அவள் என் சட்டைப் பையில் வைத்திருந்த பேனாவை நேராக்கினாள். "ஆனா சொல்லியிருக்கலாம்."

போய்விட்டாள். விமானம் கிளம்பும் வரை நின்றேன். எது அவளுடைய விமானம் என்று தெரியவில்லை. கிளம்பிய இரண்டையும் பார்த்துக் கையசைத்தேன்.

வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், இதை எழுதுகிறேன். எனக்கு அவள் இல்லாமல் இருக்கத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்து இருந்ததில்லை. பயமாக இருந்தது. அதற்காகப் பெற்ற பெண் அங்கே வீங்கிய காலோடு காத்திருக்கும்போது நான் ஒரு பூட்டை நம்பினேன். வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். கோப்பு முடிந்தது.

மார்ச் 14, வெள்ளி

போய்ச் சேர்ந்துவிட்டாள். சுங்கத்தில் மருந்து டப்பாவைப் பற்றிக் கேட்டார்களாம், இவள் தமிழில் விளக்கினாளாம், ஒரு பெண் அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினாளாம். டப்பாவை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். யாழினி அம்மாவின் தோளில் சாய்ந்தபடி படம் அனுப்பியிருந்தாள். முகத்தில் வீக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் சிரிப்பு.

நானே காபி போட்டேன். டிகாஷன் நிறைய விழுந்துவிட்டது. குடித்தேன்.

மார்ச் 15, சனி

மாலையில் டீச்சர் குடும்பம் வேளாங்கண்ணியிலிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. டீச்சர், கையில் பொரி கடலைப் பொட்டலம், கூடவே அடர்நீலப் பை.

"சார், இது உங்களோடது."

"என்னுடையது இல்லை டீச்சர், குமுதாவினுடையது. உள்ளே அவள் பொருள்தான்..."

"தெறந்து பாருங்க சார்."

வராந்தாவிலேயே வைத்துத் திறந்தேன். மேலே என் கட்டம் போட்ட சட்டைகள் இரண்டு, இஸ்திரி போட்டு மடித்தவை. என் ஸ்வெட்டர். என் மாத்திரைகள், பிரிக்காத அட்டைகள். நான் குளிர்காலத்தில் தலைக்குக் கட்டுகிற மஃப்ளர். முதுகுப் பக்க ரகசிய அறையில் என் பாஸ்போர்ட். புடவையைக் காணோம், வசம்பைக் காணோம்.

"அக்கா செவ்வாக்கெழம வந்து எல்லாத்தையும் மாத்தி அடுக்கினாங்க" என்றார்கள் டீச்சர். "யாழினிய அவங்க ஆபீஸ்ல லெட்டர் வாங்கிக்கிட்டு, உங்களுக்கு மறுபடி அப்ளிகேஷன் போடச் சொல்லியிருக்காங்களாம். இந்தத் தடவ எல்லாக் கேள்விக்கும் அக்காவே பதில் எழுதுவாங்களாம், உங்கள எழுத விட மாட்டாங்களாம். அப்பறம் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. பை நல்ல நாள்ல கெளம்பிருச்சாம். ஆள்தான் பாக்கியாம்."

நான் அழுதேன். டீச்சர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். பரவாயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் பையை மூடி, ஜிப்பை இழுத்து, எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வைக்கக் குனிந்தார்கள். நான் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தேன்.

"உள்ளே வேண்டாம் டீச்சர். உங்க வீட்லயே இருக்கட்டும். போற அன்னிக்கு நான் வந்து எடுத்துக்குறேன்."